காணாமல் போன ஃபேன் கவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். இப்போது பாகோ என்கிறார்கள். எங்கள் வாயில் இன்னும் பெகுதான். ரங்கூனிலிருந்து ஐம்பது மைல். உங்கள் பத்திரிகை இங்கே அச்சில் வருவதில்லை. பேத்தி கைபேசியில் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். ஞாயிறு தவறாமல் படித்துவிடுவேன். நான் தமிழ் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து எழுத வைத்தார். அதனால் கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். வண்டி சமாச்சாரத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதில் எனக்கு நாற்பத்தாறு வருஷம் கை கறுத்திருக்கிறது.

சென்ற ஞாயிறு, கோடையில் பழைய கார் சூடாகாமல் காப்பது பற்றி ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். மூன்று யோசனை. பானெட்டின் பின்பக்கக் கீலில் வாஷர் கொடுத்து ஒரு விரல் உயரம் தூக்கிவிடு, சூடு வெளியே போகும் என்பது ஒன்று. சூட்டுக்குத் தகுந்தபடி தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, தண்ணீர் தடையில்லாமல் ஓடும் என்பது இரண்டாவது. அப்படியும் சரிப்படாவிட்டால் எஞ்சினின் சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டரைப் பெரிதாகப் பார்த்து மாட்டு. எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதே மூன்றைத்தான் சொல்வார்கள். முதல் இரண்டும் வண்டியைக் கெடுக்கும், மூன்றாவது பணத்தைக் கெடுக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே பழைய வண்டி என்றால் நிஜமாகவே பழைய வண்டி. யுத்தத்துக்கு வந்த செவர்லே லாரிகளை வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனான். அதன்மேல் மரக்கூடு கட்டி எத்தனையோ வருஷம் பஸ்ஸாக ஓட்டினார்கள். என் தகப்பனார் அப்படி ஒன்றை ஓட்டியவர்தான். 2011-இல் அரசாங்கம் பழசை ஒப்படைத்தால் வெளிநாட்டிலிருந்து ஒன்றை இறக்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு கொடுத்தபோது நிறைய வண்டிகள் உருக்கப் போயின. அப்புறம் காலம் மாறிவிட்டது. இறக்குமதி முன்போல் இல்லை. இருப்பதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். என் பட்டறைக்கு வருகிற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் பலவற்றுக்கும் அதை ஓட்டிவருகிற பையனைவிட வயது கூட.

வெயிலும் ஏறிக்கொண்டே போகிறது. 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி மாக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி. ரேடியேட்டரின் பிழைப்பு என்ன? உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் வெளியே வீசும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அது சம்பாதிக்கிறது. தண்ணீர் 95, காற்று 35 என்றால் வித்தியாசம் 60. காற்று 45 ஆகிவிட்டால் 50. வேறு எதுவும் மாறாமலேயே அதன் சம்பாத்தியத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சமிருக்கிற ஒரே வழி, போகிற காற்றெல்லாம் ரேடியேட்டருக்கு *உள்ளே* நுழைந்து போகும்படி செய்வது. பழைய வண்டிகளில் காற்று உள்ளே போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. அப்படிச் சுற்றிப்போக வழி திறந்துவிட்டவர்கள் வேறு யாருமில்லை, எங்களைப் போன்ற மெக்கானிக்குகள்தான்.

பதினேழு வயதில் தொழிலுக்குப் போனேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சயா (இங்கே வாத்தியாரும் சயா, மெக்கானிக்கும் சயா) முதல் வாரமே ஒரு தந்திரம் காட்டினார். ஃபேன் பெல்ட் மாற்ற வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால், ஃபேனைச் சுற்றிக் கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்தால் முட்டியெல்லாம் உரியும், ஒரு மணி நேரம் ஆகும். கழற்றிவிட்டால் பத்து நிமிஷம். வேலை முடிந்து நான் கவரை எடுத்துப் பொருத்தப் போனேன். "இது எதுக்குடா? ஜப்பான்காரன் அழகுக்கு வச்சிருக்கான், ஓரமா போடு" என்றார். போட்டேன். அப்புறம் என் சொந்தப் பட்டறையிலும் இருபது வருஷம் அதையே செய்தேன். மூலையில் குவிந்துவிட்டால் பழைய சாமான்காரனுக்கு வீசைக் கணக்கில் தள்ளிவிடுவோம். (வீசை எங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த சொல். பர்மியர்கள் பெய்த்தா என்பார்கள். இங்கிலீஷ்காரன்கூட நம் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டான்.) எத்தனை வண்டியின் மூச்சை அப்படி எடைக்குப் போட்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

கண் திறந்தது ஒரு தஞ்சான் சமயத்தில். தஞ்சான் எங்கள் சித்திரைப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. ஏப்ரல் நடுவில், இருக்கிற வெயிலிலேயே கொடுமையான வெயிலில் வரும். திறந்த வண்டியின் பின்னால் இருபது பேர் ஏறி ஆடிக்கொண்டு, மேடை மேடையாக நின்று தண்ணீர் வாங்கிக்கொண்டு, மனிதன் நடக்கும் வேகத்தில் நாள் முழுக்க ஊர்வலம் போக வேண்டும். எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பாரம் முழுக்க, வேகம் சுத்தமாக இல்லை. அந்த வருஷம் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே டீசல் எஞ்சின் உள்ள இரண்டு ஹைலக்ஸ் அடுத்தடுத்துப் போயின. ஒன்று என் கைக்கே பழகிய வண்டி. இன்னொன்று ஓர் அரிசி ஆலைக்காரருடையது. அதன் டிரைவர் யாரையும் பானெட்டைத் தொடவிடாத மனுஷர். என் வண்டி மூன்றாவது மேடையில் பொங்கியது. அவருடையது சாயங்காலம் வரை சூடு காட்டும் முள் அசையாமல் நின்றது. நான் போய், "ஐயா, என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்து காட்டினார். தண்ணீர் என்னவோ ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான். ஃபேன் கவர் இடத்தில் இருந்தது. ரேடியேட்டரின் இரு பக்கத்திலும் இடுக்கை அடைக்கும் பஞ்சுப்பட்டை இருந்தது. எஞ்சினுக்குக் கீழே தகரத்தட்டு இருந்தது. ஜப்பானில் மாட்டியது மாட்டியபடி.

அந்தக் கவர் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டர் 24 அங்குல அகலம், 16 அங்குல உயரம் என்று வையுங்கள்: 384 சதுர அங்குலம். 16 அங்குல ஃபேனின் வட்டம் 201-தான். கவர் இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள பாதியை மட்டும் இழுக்கும், நான்கு மூலையும் சும்மா கிடக்கும். அதோடு விடுமா? காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் புகுந்து வருவதைவிட, ஃபேனின் ஓரத்தில் எஞ்சின் பக்கமே கிடக்கிற சூடான காற்றை எடுத்துச் சுற்றுவது அதற்குச் சுலபம். இறகு சுழலும், சத்தம் கேட்கும், முன்னாலிருந்து புதுக்காற்று வராது. கவர் இருந்தால் வேறு வழியில்லாமல் 384 அங்குலம் முழுவதிலிருந்தும் வந்தாக வேண்டும். இறகின் அகலத்தில் பாதிக்குமேல், மூன்றில் இரண்டு வரை கவருக்குள் நிற்க வேண்டும். இறகு நுனிக்கும் கவருக்கும் இடையில் ஓர் அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. எஞ்சின் ரப்பரில் ஆடும் என்பதால் அதற்குமேல் நெருக்கவும் கூடாது.

இப்போது பானெட் விஷயம். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பின்விளிம்பு இடுக்கு வழியாகக் கொஞ்சம் அனல் வெளியே போகும், அது உண்மை. ஓட ஆரம்பித்தால்? முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்குகிறது, அங்கே அழுத்தம் கூடுகிறது. காருக்குள் வெளிக்காற்று வரும் துவாரத்தை ஏன் அந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? அங்கே காற்று தானாகவே உள்ளே தள்ளப்படும் என்பதால்தான். அதே இடத்தில் பானெட்டைத் தூக்கினால் அந்தக் காற்று எஞ்சின் பக்கம் இறங்கும். எஞ்சின் அறை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் முன்னாலிருந்து ரேடியேட்டர் வழியாக வருகிற காற்று எங்கே போகும்? நெரிசலான பஸ்ஸில் பின்வாசல் வழியாகவும் ஆள் ஏறினால் முன்வாசலில் நிற்பவன் கதிதான். நம்பாதவர்கள் செலவில்லாமல் சோதிக்கலாம். நான் என் மகளின் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, தூக்கிவைத்த பானெட்டின் பின்விளிம்பில் ஏழெட்டு இடத்தில் ஒட்டி, மண்டலே சாலையில் நாற்பது மைல் வேகத்தில் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் பார்த்துச் சொன்னான்: எல்லா நூலும் உள்ளே தலை நுழைத்துக்கொண்டு படுத்திருக்கின்றன. அன்றைக்கே வாஷர்களைக் கழற்றினேன். அந்த இடுக்கு வழியாக எஞ்சின் வாடை முழுவதும் வண்டிக்குள் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இருந்த தகரத்தட்டுக்கும் இதே கதை. எண்ணெய் மாற்ற இடைஞ்சல் என்று நாங்கள் கழற்றிவிடுகிறோம். அது கல் தெறிக்காமல் இருக்க மட்டும் வைத்ததல்ல. அது இல்லாவிட்டால் சாலைக்கும் வண்டிக்கும் நடுவில் ஓடும் காற்று மேலே ஏறி எஞ்சின் அறையை நிரப்பும். வண்டி நிற்கும்போது ரேடியேட்டரைக் கடந்து வந்த அனல், அடிவழியாக முன்னால் வந்து திரும்பவும் ரேடியேட்டருக்குள்ளேயே போகும். விட்ட மூச்சையே இழுக்கிற மாதிரி.

தெர்மோஸ்டாட்டை எறியச் சொன்னவர் அது என்ன செய்கிறது என்று ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கலாம். உள்ளே மெழுகு. 82 டிகிரி என்று போட்டிருந்தால் அந்தச் சூட்டில் மெழுகு விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் வாசலைத் திறக்கும். பல டொயோட்டா எஞ்சின்களில் அதன் அடியில் இன்னொரு சின்னத் தட்டும் உண்டு. மேல்வாசல் திறக்கும்போது அது இறங்கி, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அடைக்கும். முழுசாகக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்பி எஞ்சினுக்குப் போய்விடும். காலையில் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், மதியம் பொங்கவும் பொங்கும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்குள் வாய் திறக்காவிட்டால் புதுசு வாங்குங்கள். விலை அதிகமில்லை.

சரி, எது கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். போன மழைக்கு முன்னால் ஒரு தம்பி வந்தான். பெகுவிலிருந்து கிராமங்களுக்கு லைன் கார் ஓட்டுகிறவன். ஹைலக்ஸ் பின்னால் இரண்டு பலகை போட்டு, உள்ளே பதினைந்து பேர், கூரைமேல் வாழைத்தாரும் கோழிக்கூண்டும் ஏற்றிப் போகிற வண்டி. இன்னொரு பட்டறையில் வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியாயிற்று, கடைசியில் மூன்று மாத வருமானத்தைப் போட்டு நாலு வரிசைக் குழாய் உள்ள ரேடியேட்டரும் மாட்டியாயிற்று. ஆனாலும் பொங்குகிறது.

"எங்க வச்சு தம்பி கொதிக்குது?"

"எங்கன்னா... சும்மா கொதிக்குது மாமா."

"ரோட்டுல ஓடுறப்பவா, நிக்கிறப்பவா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "ரோட்டுல ஒண்ணும் இல்ல மாமா. பஜாருக்குள்ள ஆள் ஏத்த உருட்டிக்கிட்டு நிப்பேன்ல, அப்பத்தான்."

பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிட்டது. ஓடும்போது சும்மா இருந்து, நிற்கும்போது பொங்கினால் காற்றுக் கோளாறு: ஃபேன், கவர், இடுக்கு. நிற்கும்போது சும்மா இருந்து, ஓடும்போது அல்லது மேடேறும்போது பொங்கினால் பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு: உள்ளே அடைத்த குழாய், தேய்ந்த பம்ப், உறிஞ்சும்போது சப்பிப்போகிற கீழ் ஓஸ் (ரேடியேட்டரின் ரப்பர் குழாய்). இரண்டிலும் பொங்கினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு ஒரு முழுத் தாள் செய்தித்தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். நல்ல வண்டியென்றால் தாளை இழுத்து ஒட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. அவன் வண்டியில் தாள் நடுவில் மட்டும் லேசாகக் குழிந்தது, விட்டதும் காலடியில் விழுந்தது. கவர் இல்லை. ஃபேனின் நடுவில் உள்ள கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்க் கறை. அதற்குள் சிலிக்கான் எண்ணெய் இருக்கும், சூடு ஏற ஏற ஃபேனைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடி நழுவி, ஃபேன் சும்மா ஒப்புக்குச் சுற்றும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுண்டிப் பார்த்தால் தெரியும். சூடாக இருக்கும்போதும் காற்றாடி மாதிரி நாலைந்து சுற்று போனால் அதன் வாழ்வு முடிந்தது என்று அர்த்தம். (சிலர் அதை வெல்டிங் வைத்து ஒரேயடியாக இறுக்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் ரோட்டு வெள்ளத்தில் இறங்கும்போது அப்படி இறுக்கிய ஃபேன் தண்ணீரை வெட்டி, இறகு வளைந்து ரேடியேட்டரையே குத்திக் கிழித்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.)

நாலு வரிசை ரேடியேட்டர் ஏன் உதவவில்லை? முதல் வரிசையைக் கடந்த காற்று சூடாகித்தான் இரண்டாவதுக்கு வரும். நாலாவது வரிசைக்கு வரும்போது அதில் குளிர்ச்சி என்று சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. தடிமன் கூடக்கூடக் காற்று நுழைவதும் கஷ்டம். பலவீனமான ஃபேனுக்கு முன்னால் கனமான ரேடியேட்டர் வைப்பது, மூச்சுத் திணறுகிறவன் முகத்தில் கம்பளியைப் போர்த்துகிற மாதிரி.

கிளட்ச்சை மாற்றினேன். அந்த வண்டிக்குக் கவர் எங்கும் கிடைக்கவில்லை, எப்படிக் கிடைக்கும், எங்களைப் போன்றவர்கள்தான் எடைக்குப் போட்டுவிட்டோமே! நெய் டின் தகரத்தை விரித்து, ரேடியேட்டர் சட்டத்துக்கு அளவெடுத்து, நடுவில் வட்டம் வெட்டி, விளிம்பை மடித்து ரிவெட் அடித்தேன். பக்கத்து இடுக்கெல்லாம் பழைய டியூபைக் கீறிப் பட்டையாக வைத்து அடைத்தேன். மேல்பக்கம், பானெட் மூடும் இடத்திலும் ஒரு பட்டை. புதுத் தெர்மோஸ்டாட் போட்டேன். மகன் வாங்கிவைத்திருக்கிற, தூரத்திலிருந்தே சூடு பார்க்கிற துப்பாக்கியில் முன்னும் பின்னும் பார்த்தோம். முன்பு அரை மணி நேரம் நின்றபடி ஓடினால் மேல் ஓஸ் 102, கீழ் ஓஸ் 96. அதாவது ரேடியேட்டருக்குள் போய்வந்த தண்ணீர் ஆறே டிகிரிதான் இறங்கியிருக்கிறது. பிறகு மேலே 89, கீழே 78. அந்தத் தம்பி, "இவ்வளவுதானா மாமா?" என்று கேட்டது சந்தோஷத்திலா, செலவழித்த மூன்று மாத வருமானத்தை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை.

முன்பக்கத்தையும் பாருங்கள். இங்கே கார் வாங்கினால் ரங்கூனிலிருந்து பெகு வரும் சாலையில் ஷ்வே ஞாவ்பின் என்ற ஆலமரத்து நாட் தேவதையிடம் கொண்டுபோவார்கள். மூன்று தடவை வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிடு போட வைத்து, இலைக்கொத்தும் சிவப்பு வெள்ளைத் துணியும் கட்டி அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் அதையும் விடுவதில்லை, ஊருக்கு வந்து மாரியம்மனையும் விடுவதில்லை. உறவுக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய பழைய வண்டிக்கு நாட் சாமியின் இலைக்கொத்தை கிரில்லில் கட்டி, அதன்மேல் நம் பங்குக்கு ஆளுயர ரோஜா மாலையையும் ரங்கூனிலேயே வாங்கிப் போட்டு ஓட்டிவந்தார். வழியில் இந்தகோ ஊரைத் தாண்டுவதற்குள் வண்டி புகைந்தது. வீட்டில் பெண்கள், நாட் சாமிக்குக் கோபமா அம்மனுக்குக் கோபமா என்று போனில் என்னிடம் கேட்கிறார்கள். நான், "ரெண்டு பேருக்கும் இல்ல, மாலைய எடுத்து உள்ள சீட்டுல வைங்க" என்றேன். வீடு வந்து சேர்ந்தார்கள். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டுகிறவர்களும் பம்பரோடு ஓரமாகக் கட்டினால் போதும். கூடுதல் விளக்கு, பெரிய பெயர்ப்பலகை, முன்னால் தொங்கும் ஸ்பேர் டயர், எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஏசி பிற்பாடு பொருத்திய வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து கண்ணுக்குத் தெரியாத குப்பைத்தொட்டி. தஞ்சான் சமயத்தில் பிடவ் பூ ஒரே நாளில் பூத்துக் கொட்டும் (நம்மூர் வேங்கை மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை), மஞ்சள் மஞ்சளாக உள்ளே போய்ப் படியும். அறுவடை மாதத்தில் வைக்கோல் தூசியும் பூச்சியும். ஒரு தடவை ஒரு வேனில் சந்தைப் பிரித்தபோது மெத்தை மாதிரி ஒரு விரல் கனத்துக்கு உரிந்து வந்தது. கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், வந்த வழியே குப்பை போகட்டும். கார் கழுவும் பீரங்கியைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடங்கி வாசலே மூடிக்கொள்ளும், சாதாரணக் குழாய் போதும். கழுவியபின் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். தகடு குழாயை விட்டுப் பிரிந்துவிட்டால் எவ்வளவு காற்று வந்தும் பயனில்லை.

தனியாகக் கரண்டு ஃபேன் வைக்கிறவர்கள் வயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபேன் முன்பக்கமாக ஊதும். நிற்கும்போது எப்படியோ ஓட்டிவிடலாம், ஓடும்போது எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டும். இதற்கும் அதே செய்தித்தாள்தான் சோதனை. தாளை ஒட்டிக்கொள்ளாமல் தள்ளினால் தெரிந்துவிடும்.

மேடேறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டலேயிலிருந்து மலையூரான மேமியோவுக்கு ஏறத்தாழ நாற்பது மைல். மூவாயிரம் அடிக்குமேல் ஏற வேண்டும். என் தகப்பனார் செவர்லேயின் கூரையில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் இருக்கும், அதிலிருந்து ஓஸ் இறங்கும். வழியில் வண்டிக்குத் தண்ணீர் விடுவதையே பிழைப்பாக வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அவர் சொன்னது இன்றைக்கும் சரி: மேட்டில் மூன்றாம் கியரில் முக்காதே, இரண்டாவதுக்கு வா. பெல்ட்டில் ஓடும் ஃபேன் எஞ்சின் சுற்றுக்குத் தகுந்தபடிதான் சுற்றும், வாட்டர் பம்பும் அப்படித்தான். கியர் குறைத்தால் இரண்டும் விழித்துக்கொள்ளும். பின்காற்று அடிக்கிற நாளில் இன்னும் கவனம், வண்டி போகிற வேகத்திலேயே காற்றும் கூடவந்தால் கிரில்லுக்கு ஒன்றும் கிடைக்காது. முள் சிவப்பைத் தொடப்போனால் ஏசியை நிறுத்தி, ஜப்பானில் குளிருக்கு வைத்த ஹீட்டரைத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வியர்த்துக் கொட்டும், ஹெட் பிழைக்கும்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். 0.9 என்று போட்ட மூடி இறுக்கிப் பிடித்திருப்பதால் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணத்தில் கொதிநீரும் ஆவியுமாகச் சீறும். என் இடது முழங்கையில் பத்தொன்பது வயதில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. ஈரத்துணி போட்டால் போதும் என்று நினைத்தேன், போதாது. அரை மணி நேரம் டீ குடியுங்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இடம் இல்லாவிட்டால் என் கதைகளை வெட்டிவிடுங்கள், வருத்தமில்லை. தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் பானெட்டைப் பற்றியும் உள்ள திருத்தத்தை மட்டும் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போட்டுவிட்டால் நல்லது. உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுக் கையில் ஸ்பேனரோடு கிளம்புகிறவர்கள் சென்னையில் மட்டும் இல்லை, இங்கேயும் இருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் வாஷர் கேட்டு வந்தார்.

இப்படிக்கு,
ஒரு பழைய சயா,
பெகு.

பின்குறிப்பு: கடிதத்தைத் தட்டெழுதிக்கொண்டிருக்கிற பேத்தி, "தாத்தா, நம்ம ஜீப்புல கவர் இருக்கா?" என்று கேட்கிறாள். இல்லை. தகரம் வெட்டிச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன். ரிவெட் வாங்கினால் மாட்டிவிடலாம்.